டவுன் பஸ் போற தூரத்துல 15 லட்சம் வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கியும் திருத்தியும் இருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடு வரலாறு பத்தினதுதான், ஆனா பாதி எபிசோடு பஸ்லயும் பாதி நடையிலயும் போகும். போற இடம் கொசஸ்தலை ஆத்துப் பள்ளத்தாக்கு. திருவள்ளூர், பூண்டி, சீத்தஞ்சேரி, ஊத்துக்கோட்டைன்னு போற வழி. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் பாக்கற நிறைய பேர் நம்ம பாட்காஸ்ட் கேக்கறீங்க. உங்க மாவட்டம்தான் இது.

சென்னையில இருந்து ட்ரெக்கிங்னா எல்லாரும் நாகலாபுரம், தடான்னு கிளம்பிடறோம். ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராவுக்குள்ள போய் அருவியில குளிச்சுட்டு திரும்பறோம். போற வழியில ஜன்னலுக்கு வெளிய ஒரு சின்ன மலைத்தொடர் வரும். அல்லிக்குழி மலை. உயரமும் கம்மி, அருவியும் கிடையாது, அதனால யாரும் இறங்கறதில்ல. ஆனா உலகத்துல மனுஷனோட கதையை எழுதறவங்க யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

முதல்ல ரூட்

திருவள்ளூருக்கு சென்ட்ரல்ல இருந்து லோக்கல் ட்ரெயின். சுமார் 42 கிலோமீட்டர். இந்த ரயில் பாதைக்கே வயசு அதிகம். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடினது இந்த வழியாத்தான். ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சு பஸ் ஸ்டாண்டு போனா, பூண்டி வழியா ஊத்துக்கோட்டை போற பஸ் கிடைக்கும். 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால தோழிகளே, உங்களுக்கு வரலாறு கிட்டத்தட்ட இலவசம்.

கும்மிடிப்பூண்டியில இருந்து வர்றவங்களுக்கு மேப் கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். ரெண்டு ஊரும் ஒரே மாவட்டம், ரெண்டுக்கும் லோக்கல் ட்ரெயின் உண்டு. ஆனா ட்ரெயின்ல போகணும்னா கீழே பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்து, திரும்பி மேற்கே போகணும். ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி. குறுக்கே போறதுக்கு பஸ்தான் வழி. பெரியபாளையம், ஊத்துக்கோட்டைன்னு மாறி மாறிப் போகணும். நான் அந்த வழியில போனப்போ பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அக்கா கேட்டாங்க, “எந்தக் கம்பெனி தம்பி, இவ்ளோ தூரம் சுத்திப் போறீங்க?” குகை பாக்கப் போறேன்னு சொன்னதும், “லீவு நாள்ல தூங்காம…”ன்னு சிரிச்சாங்க.

ரெண்டு எச்சரிக்கை. அமாவாசை அன்னைக்கு திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். ஆடி மாசம் ஞாயித்துக்கிழமைகள்ல பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு வேப்பிலையோட மொத்த வடசென்னையும் கிளம்பும். அந்த நாள்ல பஸ்ல நிக்கக்கூட இடம் இருக்காது.

ஊன்றுகோல் கிடைச்ச ஊர்

பூண்டியில இறங்கினதும் முதல்ல தெரியறது தண்ணி. சத்தியமூர்த்தி சாகர். 1939-40ல சென்னை மேயரா இருந்த தீரர் சத்தியமூர்த்தி, நகரத்தோட தண்ணிப் பஞ்சத்துக்குத் தீர்வா முன்னெடுத்த திட்டம். 1940-ல வேலை ஆரம்பிச்சு 1944-ல முடிஞ்சுது. அவர் 1943 மார்ச்லயே இறந்துட்டார். தன் பேர் வெச்ச ஏரி நிறைஞ்சதை அவர் பாக்கல.

அதோட கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இப்போ இதுக்கு கிருஷ்ணா தண்ணியும் வருது. 1983-ல ஒப்பந்தம் போட்டு, 1996-ல தான் முதல் தடவையா தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுது. ஆந்திராவுல கண்டலேறுல கிளம்பி ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயிண்ட் வழியா நுழையுது. சென்னையில நீங்க குழாயைத் திறந்தா வர்றதுல இந்தத் தண்ணியும் கலந்திருக்கும்.

அணை கட்டினப்போ திருவெண்பாக்கம்ங்கற பழைய ஊர் தண்ணிக்குள்ள போச்சு. அங்க இருந்த ஊன்றீஸ்வரர் கோயிலை இடம் மாத்தி பூண்டியில கட்டினாங்க. இந்தப் பேருக்குப் பின்னாடி பெரியபுராணத்துல ஒரு கதை இருக்கு. திருவொற்றியூர்ல சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறினதால சுந்தரருக்குக் கண் பார்வை போயிடுது. பார்வை இல்லாம நடந்தே வர்றார். திருவெண்பாக்கத்துல சிவபெருமான் அவருக்கு ஒரு ஊன்றுகோலை மட்டும் கொடுக்கறார். அதை ஊனிக்கிட்டே காஞ்சிபுரம் வரைக்கும் போறார், அங்கதான் ஒரு கண் திரும்பக் கிடைக்குது. மேப்ல பாருங்க. கொசஸ்தலை கடல்ல சேர்ற எண்ணூருக்குத் தெற்கே, பக்கத்துலயே திருவொற்றியூர். அங்கிருந்து மேற்கே நடந்து பூண்டி, திருவாலங்காடு, காஞ்சி. ஆக இந்தப் பள்ளத்தாக்குல நடந்து போறது நாம கண்டுபிடிச்ச ஹாபி இல்லை.

1863: ஒரு ஜல்லிக்குழியில இருந்து ஆரம்பம்

ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில 1858-ல சேர்ந்தவர். 24 வயசு. வேலை என்னன்னா, மெட்ராஸ் மாகாணத்தை அளந்து, எங்க என்ன பாறை இருக்குன்னு வரைபடம் போடறது. ஒரு சின்னத் தமிழ்த் தொடர்பும் உண்டு. இவரோட மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலரோட சேர்ந்து பைபிளைத் தமிழ்ல மொழிபெயர்த்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாப் போட்டவர்.

ஃபூட் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம், 1859-ல, ஐரோப்பாவுல ரெண்டு விஷயம் நடக்குது. டார்வினோட புத்தகம் வெளியாகுது. அதே வருஷம் பிரான்ஸ்ல சோம் ஆத்துப் பள்ளத்தாக்குக்குப் போன ஆங்கிலேய அறிஞர்கள், அங்க சரளை மண்ணுல அழிஞ்சுபோன மிருகங்களோட எலும்புகளோட சேர்ந்து கிடைச்ச கற்கருவிகள் நிஜமாவே மனுஷன் செஞ்சதுதான்னு ஒத்துக்கறாங்க. அதுவரைக்கும் மனுஷனுக்கு வயசு சில ஆயிரம் வருஷம்னுதான் பெரும்பாலானவங்க நம்பிட்டு இருந்தாங்க.

1863 மே 30. பல்லாவரம் பரேடு மைதானம் பக்கம் ஜல்லிக்காக வெட்டின ஒரு குழி. அதுல கிடந்த கல் ஒண்ணை ஃபூட் எடுத்துப் பாக்கறார். ரெண்டு பக்கமும் செதுக்கின கைக்கோடரி. இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்துச்சுங்கறதுக்கு முதல் ஆதாரம் அதுதான். அதே வருஷம் செப்டம்பர் 28-ம் தேதி, ஃபூட்டும் அவரோட சக ஊழியர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் ஓடைக்கு வர்றாங்க. கொசஸ்தலைக்கு வந்து சேர்ற சின்ன ஓடை. அங்க ஒண்ணு ரெண்டு இல்லை, கரையெல்லாம் கருவிகள்.

கண்டுபிடிப்பு நடந்தது ஒரு ஜல்லிக்குழியிலங்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க. கடைசியில இது வேணும்.

ஃபூட் வாழ்நாள் முழுக்க சேர்த்ததை 1904-ல சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கிச்சு. இன்னைக்கும் எழும்பூர்ல இருக்கு. 1912-ல அவர் இறந்தார், நினைவுக்கல் ஏற்காட்டுல ஒரு தேவாலயத்துல இருக்கு. 20-ம் நூற்றாண்டுல உலக அறிஞர்கள் இந்த வகைக் கைக்கோடரி மரபுக்கு நம்ம ஊர் பேரையே வெச்சாங்க. மெட்ராஸ் மரபு, மெட்ராசியன். ‘மெட்ராஸ்’ங்கற பேரை வெச்சு எவ்ளோ பாட்டு, எவ்ளோ டீ-ஷர்ட். இதை மட்டும் யாரும் அச்சடிக்கல.

களிமண்ணுக்குக் கீழ என்ன?

ஃபூட்டுக்கு அப்புறம் பல பேர் வந்தாங்க. 1930-கள்ல பேட்டர்சன், வி. டி. கிருஷ்ணசாமி. 1960-கள்ல இந்தியத் தொல்லியல் துறையோட கே. டி. பானர்ஜி. எல்லாருக்கும் ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு. இந்தக் கருவிகளுக்கு எவ்ளோ வயசு? யாராலயும் உறுதியாச் சொல்ல முடியல.

1999-ல சாந்தி பப்பு தலைமையில சர்மா பாரம்பரியக் கல்வி மையம் அத்திரம்பாக்கத்துல மறுபடியும் தோண்ட ஆரம்பிக்குது. கூட குமார் அகிலேஷ். சென்னையில இருந்து இயங்கற சின்ன நிறுவனம் அது.

தோண்டும்போது கீழே தடிமனா ஒரு களிமண் அடுக்கு வரும். முன்னாடி வந்தவங்க அதை ‘ஆவடி ஷேல்’னு நினைச்சாங்க. ஆமா, நம்ம ஆவடிதான். டைனோசர் காலத்துல கடல் இருந்தப்போ படிஞ்ச பாறைக்கு அந்தப் பேர். அது டைனோசர் காலத்துப் பாறைன்னா அதுக்குள்ள மனுஷன் செஞ்ச பொருள் இருக்கவே முடியாது. அதனால அங்க வந்ததும் நிறுத்திட வேண்டியதுதான். புதுக் குழு நிறுத்தல. அந்தக் களிமண்ணுக்குள்ளயும் கைக்கோடரி வந்துச்சு. அது கடல் படிவு இல்லை, ஆறு வெள்ளம் வரும்போதெல்லாம் கொண்டுவந்து படிய வெச்ச வண்டல். அந்த அடுக்குகள்ல இருந்து மட்டும் 3,500-க்கும் மேல கருவிகள் கிடைச்சுது. மிருகங்களோட பற்கள், குளம்புத் தடங்கள்கூட கிடைச்சுது. ஈர மண்ணுல ஏதோ ஒரு மிருகம் நடந்து போன தடம், அப்படியே உறைஞ்சுபோய்.

இப்போ வயசு. இந்தப் பகுதி நம்ம எஞ்சினியர் மக்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வான்வெளியில இருந்து காஸ்மிக் கதிர்கள் பூமி மேல விழுந்துக்கிட்டே இருக்கு. தரையில கிடக்கற குவார்ட்ஸ் கல்லுல அது பட்டா, ரெண்டு அபூர்வமான அணுக்கள் உருவாகுது. அலுமினியம் 26, பெரிலியம் 10. கல் ஆழமாப் புதைஞ்சதும் கதிர் படாது, உற்பத்தி நின்னுடும். அதுக்கப்புறம் ரெண்டும் சிதையத் தொடங்கும். அலுமினியம் பாதியாக சுமார் 7 லட்சம் வருஷம், பெரிலியம் பாதியாக சுமார் 14 லட்சம் வருஷம். ஒண்ணு வேகமாக் குறையுது, இன்னொண்ணு மெதுவாக் குறையுது. ரெண்டோட விகிதத்தை அளந்தா, கல் எப்போ புதைஞ்சுதுன்னு கணக்குப் போடலாம்.

ரெண்டாவது சோதனை காந்தம். பூமியோட காந்தப்புலம் அப்பப்போ தலைகீழா மாறும். கடைசியா மாறினது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. வண்டல் படியும்போது அதுல இருக்கற இரும்புத் துகள் அன்னைய காந்தத் திசையைப் பார்த்து நின்னுடும். அத்திரம்பாக்கத்தோட கீழ் அடுக்குகள்ல துகள்கள் எல்லாம் தெற்கைப் பார்த்து நின்னுச்சு.

ரெண்டு முறையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போச்சு. 2011-ல ‘சயின்ஸ்’ இதழ்ல முடிவு வந்தது. குறைஞ்சபட்சம் 10 லட்சத்து 70 ஆயிரம் வருஷம், சராசரியா 15 லட்சம் வருஷம். அதுவரைக்கும், கைக்கோடரி ஆப்பிரிக்காவுல பிறந்து இந்தியாவுக்கு ரொம்ப லேட்டா வந்துச்சுன்னு நினைச்சுட்டு இருந்தாங்க. அந்தக் கணக்கு உடைஞ்சுது.

15 லட்சம்னா மனசுல நிக்காது. அதனால ஒரு கணக்கு. திருவள்ளூர்ல இருந்து சென்ட்ரல் வரைக்கும் இருக்கற 42 கிலோமீட்டரை 15 லட்சம் வருஷம்னு வெச்சுக்குவோம். சென்ட்ரல்தான் இன்னைக்கு. அப்போ ஒரு மீட்டருக்கு சுமார் 36 வருஷம். திருவள்ளூர் பிளாட்பாரத்துல ஒருத்தர் கைக்கோடரி செதுக்கிட்டு இருக்கார். ட்ரெயின் கிளம்புது. ஆவடி போகுது, அம்பத்தூர் போகுது, கருவி அடிப்படையில அதே கைக்கோடரிதான். ஃபூட் வந்து கண்டெடுத்தது சென்ட்ரல்ல வண்டி நிக்கறதுக்கு நாலரை மீட்டர் முன்னாடி. 2,600 வருஷப் பழைய கீழடி? சுமார் 73 மீட்டர். மூணரைப் பெட்டி நீளம்தான். நாம வரலாறுன்னு பேசறது மொத்தமும் அந்த மூணரைப் பெட்டிக்குள்ள முடிஞ்சுடுது.

வில்லிவாக்கம் பக்கத்துல ஒரு மாற்றம்

அதே கணக்குல, வில்லிவாக்கம் பக்கம் வரும்போது ஒரு மாற்றம் நடக்குது. 2018-ல ‘நேச்சர்’ இதழ்ல வந்த ரெண்டாவது பெரிய கட்டுரை அதைப் பத்தினது. மேல் அடுக்குகள்ல கிடைச்ச 7,200-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ஞ்சு, சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க தொழில்நுட்பம் மாறத் தொடங்கிடுச்சுன்னு சொன்னாங்க.

மாற்றம் என்னன்னா, பழைய முறையில பெரிய சில்லு ஒண்ணை எடுத்து, ரெண்டு பக்கமும் செதுக்கி, ஒரு கைக்கோடரி ஆக்கணும். புது முறையில முதல்ல தாய்க்கல்லையே ஒரு வடிவத்துக்குத் தயார் பண்ணிடுவாங்க. அப்புறம் சரியான இடத்துல ஒரே ஒரு அடி. மனசுல நினைச்ச அளவுல, நினைச்ச வடிவத்துல சில்லு தெறிச்சு விழும். கருவி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே மனசுல முடிவாகி இருக்கணும், நடுவுல இருக்கற படிகளும் வரிசையா மனசுல ஓடணும். அதனாலதான் தொல்லியல் அறிஞர்கள் இதை இவ்ளோ முக்கியமாப் பாக்கறாங்க.

இந்தத் தொழில்நுட்பத்தை நவீன மனுஷன் சுமார் ஒண்ணேகால் லட்சம் வருஷத்துக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவந்தான்னு ஒரு கருத்து வலுவா இருந்துச்சு. அத்திரம்பாக்கத்துக் கணக்கு அதை விட ரெண்டரை லட்சம் வருஷத்துக்கு மேல முன்னாடி போகுது.

அப்போ அவங்க தமிழரா?

இது வாட்ஸ்அப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற ஃபார்வர்டு. “15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே தமிழன்…”

இல்லை மக்களே. நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸ்னு ஓரளவு அடையாளம் காட்டற மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவுல ஜெபல் இர்ஹூத்ல கிடைச்சுது, வயசு சுமார் 3 லட்சம். அத்திரம்பாக்கத்துல கோடரி செஞ்சவங்க அதுக்கு 12 லட்சம் வருஷம் மூத்தவங்க. அவங்களோட எலும்பு ஒண்ணுகூட இதுவரைக்கும் இங்க கிடைக்கல. இந்தியா முழுக்கவே, 1982-ல நர்மதைக் கரையில ஹத்னோராவுல கிடைச்ச மண்டையோட்டுப் பகுதி மாதிரி மிகச் சில எலும்புகள்தான் கையில இருக்கு. அதனால அவங்க எந்த மனித இனம்னு யாராலயும் இன்னும் சொல்ல முடியாது. என்ன பேசினாங்க, பேசினாங்களாங்கறதே கேள்விதான்.

நான் கீழடிக்குப் போய் பெருமைப்பட்டவன்தான். எழுத்துள்ள பானை ஓட்டைப் பார்த்து, இது நம்ம மொழின்னு சொல்றதுல அர்த்தம் இருக்கு. அத்திரம்பாக்கம் வேற மாதிரி. அங்க ‘நம்ம’ங்கற சொல்லுக்கே இடம் பத்தாது. எல்லையைப் பாருங்க. அல்லிக்குழி மலையோட அதே வகைப் பாறை வடக்கே சத்தியவேடு வரைக்கும் போகுது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி நமக்கு வந்துச்சு, சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி ம.பொ.சி. போராட்டம், சிறைன்னு ஒரு பெரிய கதையே இருக்கு. அந்த எல்லை வந்து 60 சொச்சம் வருஷம் ஆகுது. ட்ரெயின் கணக்குல ரெண்டு மீட்டர் கூட இல்லை. அதுக்கு முன்னாடி 42 கிலோமீட்டர் தூரத்துக்கு இங்க யாரோ நடந்துக்கிட்டு இருந்தாங்க, அந்தக் கோடு இல்லாமலே.

நடந்துக்கிட்டுன்னு சும்மா சொல்லல. அத்திரம்பாக்கத்துல கோடரி செய்யற அளவுக்குப் பெரிய தாய்க்கற்கள் கிடைக்கல. வேற இடத்துல பெரிய சில்லுகளா உடைச்சு, தூக்கிக்கிட்டு வந்திருக்காங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எங்க நல்ல கல் கிடைக்கும், எங்க தண்ணி இருக்கும், எவ்ளோ சுமக்கணும்னு திட்டம் போட்டு நடந்த ஆளுங்க அவங்க.

குடியம் வரைக்கும் நடை

சரி, நடப்போம். பூண்டியில தமிழ்நாடு தொல்லியல் துறையோட அகழ்வைப்பகம் இருக்கு. 1985-ல தொடங்கினது. அதை முதல்ல பாருங்க. கைக்கோடரியை ஒரு தடவை கண்ணாடிக்குப் பின்னாடி பார்த்துட்டுப் போனா, அப்புறம் காட்டுல உங்க கண் வேற மாதிரி வேலை செய்யும்.

அங்கிருந்து குடியம் கிராமம். ஊரைத் தாண்டினா காப்புக்காடு, வனத்துறைகிட்ட கேட்டுட்டுத்தான் போகணும். உள்ளூர்க்காரர் ஒருத்தர் கூட வந்தா நல்லது. சில கிலோமீட்டர் நடை. ஏற்றம் பெருசா இல்லை, நிழலும் பெருசா இல்லை. புதர்க்காடு. மார்கழி, தை மாசம் நல்லது. சித்திரையில வேண்டாம்.

காலுக்குக் கீழ பார்த்து நடங்க. செம்மண், சரளை, உருண்டை உருண்டையா குவார்ட்சைட் கற்கள். நான் கூடப் போன அண்ணன் தமிழும் தெலுங்கும் மாத்தி மாத்திப் பேசுவார், இந்தப் பக்கத்து ஊர்கள்ல அது சகஜம். அவர் ஒரு கல்லைக் காட்டி, “இது சும்மா உடைஞ்ச கல்லு. அதோ அது ஆள் உடைச்ச கல்லு”ன்னார். எப்படித் தெரியும்னு கேட்டேன். “பழகிப்போச்சு தம்பி. ஒரே மாதிரி ஒரே பக்கமா வெள்ளம் உடைக்குமா?”

குகைன்னதும் சுரங்கம் மாதிரி நினைக்காதீங்க. பிரம்மாண்டமான பாறை, கூரை மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும். பக்கத்துல போய்ப் பார்த்தா, பாறை முழுக்க கூழாங்கல்லை சிமெண்டுல குழைச்சு அடைச்ச மாதிரி இருக்கும். பழைய ஆறுகள் உருட்டிக்கிட்டு வந்த கற்கள் கோடிக்கணக்கான வருஷத்துல இறுகி மலையா ஆயிடுச்சு. மழையில அந்த மலை கரையக் கரைய கூழாங்கல் உதிர்ந்து கீழ வரும். கோடரிக்கான மூலப்பொருள் அதுதான். கூரைக்கடியில இன்னைக்கும் ஒரு அம்மன் வழிபாடு நடக்குது. செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க.

1960-கள்ல பானர்ஜி இங்கயும் தோண்டினார். கருவிகள் கிடைச்சுது, ஆனா ரொம்ப அடர்த்தியா இல்லை. நிரந்தரமா குடும்பம் நடத்தின வீடு மாதிரி தெரியல, வந்து தங்கிட்டுப் போன இடம் மாதிரிதான். மழைக்கு ஒதுங்கற பஸ் ஸ்டாப்புன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

இங்க என்ன பணயம்?

இந்த எபிசோடு போடக் காரணமே இதுதான்.

பிரான்ஸ்ல வெசேர் ஆத்துப் பள்ளத்தாக்கு 1979-லயே யுனெஸ்கோ பட்டியல்ல வந்துடுச்சு. சீனாவுல சோவ்கோவ்தியென் 1987-ல, மத்தியப் பிரதேசத்துல பீம்பேட்கா 2003-ல. கென்யாவுல ஒலோர்கசைலியில கைக்கோடரிகளைக் கிடந்த இடத்துலயே விட்டுட்டு, மேல மரப்பாலம் போட்டு, மக்களை நடந்து பாக்க விடறாங்க. கொசஸ்தலைப் பள்ளத்தாக்கு அந்தப் பட்டியல்ல எதுலயும் இல்லை.

இன்னொரு பக்கம், திருவள்ளூர் மாவட்டம் வேகமா வளருது. தொழிற்பேட்டை, குடோன், லே-அவுட், ஆறுவழிச் சாலை. எல்லாத்துக்கும் பள்ளத்தை நிரப்ப சவுடு மண்ணும் கிராவலும் வேணும். எந்தச் சரளையில கற்கருவி கிடக்குதோ, அதே வகைச் சரளைதான் டிப்பர் லாரியில ஏறுது. ஃபூட்டோட முதல் கோடரி கிடைச்சதே ஒரு ஜல்லிக்குழியிலன்னு ஞாபகம் இருக்கா? குழி வெட்டினதாலதான் அவருக்குத் தெரிஞ்சுது. ஆனா அன்னைக்கு மண்வெட்டியால வெட்டினாங்க, பக்கத்துல நின்னு பாக்க ஒரு ஆள் இருந்தார். பொக்லைன் ஒரு காலையில அள்ளறதை எந்த ஆளும் நின்னு பாக்கறதில்ல.

சிப்காட்ல வேலை பாக்கற என் நண்பன் கேட்டான்: “அப்போ ஃபேக்டரி வேண்டாங்கறியா? அந்த ஃபேக்டரிதான்டா என் வீட்டு ஈ.எம்.ஐ. கட்டுது.” நியாயமான கேள்வி. வேண்டாம்னு நான் சொல்லல. சென்னைக்குத் தண்ணி வேணும்னு அணை கட்டினப்போ, ஒரு கோயிலை எடுத்து வேற இடத்துல வெக்க முடிஞ்சுது. மண் அடுக்கை அப்படி எடுத்து வெக்க முடியாது. கல்லை மட்டும் எடுத்தா அது வெறும் கல். எந்த அடுக்குல, எந்த ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல இருந்துச்சுங்கறதுதான் அதோட வயசைச் சொல்லும். டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைலை வெச்சு யாரும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாதுல்ல? அதே கதை. அதனால எங்க வெட்டலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அங்க என்ன இருக்குன்னு ஒருத்தர் நடந்து பாக்கணும். அதுதான் கேக்கறது.

நமக்கும் இதே விதிதான். தரையில அழகா ஒரு கோடரி கிடந்தாலும் எடுத்துப் பையில போடாதீங்க. போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கங்க, பூண்டி அகழ்வைப்பகத்துல சொல்லுங்க. கல்லை அங்கயே விடுங்க. அத்திரம்பாக்கம் அகழாய்வு நடந்த இடம். அங்க குழி தோண்டறது, பாறையில பேர் எழுதறது, கண்ணாடி பாட்டிலை உடைக்கறது எதுவும் வேண்டாம்.

பஸ்ஸுல போங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்கும் காரணம் இருக்கு. கார்ல போனா குகை வாசல்ல இறங்கணும்னு தோணும், அப்புறம் அங்க வரைக்கும் ரோடு கேப்போம், ரோடு வந்தா கடை வரும். பஸ்ல வர்றவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: சாயங்காலம் இன்னொரு நடை பஸ் விடுங்க. அது கிடைச்சா குடியத்துல இருந்து திருவள்ளூருக்குப் படிக்கப் போற பசங்களுக்கும் உதவும்.

கிளம்பறவங்களுக்குக் கடைசியா ஒரு சின்ன லிஸ்ட். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. தொப்பி. பூண்டியிலயே சாப்பாட்டைப் பார்சல் கட்டிக்கங்க, குப்பையைத் திரும்பக் கொண்டு வாங்க. அகழ்வைப்பகத்துக்கு எந்தக் கிழமை லீவுன்னு போன் பண்ணிக் கேட்டுக்கங்க. காலையில இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வெச்சுக்கங்க, அதுக்கு முந்தின பஸ்ஸையே பிடிங்க.

அடுத்த எபிசோடுல இதே ஆத்தைப் பிடிச்சுக்கிட்டு கீழே போறோம். தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டு வழியா எண்ணூர் கழிமுகம் வரைக்கும். அங்கயும் டவுன் பஸ் போகும். சந்திப்போம் மக்களே.